மூன்று சிறங்கை ஒடியல் மா

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வயலில் நின்றால் கண் றோட்டில் இருக்கும். றோட்டுக்கு வந்தால் பரந்தன் பக்கம் ரயில் ஊதுகிறதா என்று காது போகும். பாதிச் சோற்றில் எழும்பி, எதற்கு எழும்பினேன் என்று தெரியாமல் முற்றத்தில் நிற்பேன். "உவன் காலில சில்லுப் பூட்டியெல்லோ பிறந்தவன்" என்று அம்மா சொல்வார். சில்லு காலில் இல்லை, காரில் இருந்தது. அதுவும் நாலில் மூன்றுதான் ஒழுங்கானது.

காரைப் பற்றிச் சொல்லுமுன் காணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐயா யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் முரசுமோட்டைக்கு வந்தவர். காடு வெட்டி, வேர் பிடுங்கி, வரம்பு போட்டு அந்த நிலத்தை வயலாக்கியவர்கள் ஐயாவும் அம்மாவும் அக்காவும். நானும் கூட நின்றேன். உதவினேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. குடியேற்றக் காணிக்கு ஒரு சட்டம் உண்டு. அதைத் துண்டு போட முடியாது, மகளுக்குச் சீதனமாகப் பாதியைப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. தனக்குப் பிறகு யார் என்று ஒரே ஒரு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஆண்பிள்ளை என்று ஐயா என் பெயரை எழுதியிருந்தார்.

அக்காவுக்குக் கிடைத்தது அத்தான் மட்டும்தான். நல்ல மனிதர், பேச்சுக் குறைவு, சொந்தமாக ஒரு முழ நிலமும் இல்லாதவர். எங்கள் மேட்டுக்காணியின் ஓரத்தில் ஒரு கொட்டில் போட்டு நாலு பிள்ளைகளோடு இருந்தார்கள். ஐந்தாவது அக்காவின் வயிற்றில். சட்டப்படி அந்தக் கொட்டில் அங்கே இருக்கக்கூடாது. அதிகாரிகள் பார்க்க வரும் நாளில் அக்கா பாய் தலையணையைச் சுருட்டி எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, வாசலில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிவிடுவாள். கேட்டால் அது மாட்டுக் கொட்டில். அதைச் சொல்லும்போது அத்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கோ அந்தக் காணி ஒரு கால்விலங்கு. "எனக்கேன் உந்தச் சேறு? நான் கொழும்புக்குப் போறன்" என்று கிழமைக்கு ஒருதரமாவது சொல்லிக் காட்டுவேன். ஐயா கேட்டும் கேளாதவர் மாதிரி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்.

கண்டாவளையில் றோட்டு வேலை எடுத்துச் செய்கிற ஒரு கொந்தராத்துக்காரர் இருந்தார். அவருடைய வளவில் ஒரு பழைய இங்கிலீஷ் கார் கிடந்தது. அதற்குள் அவருடைய கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. எனக்கென்று விட்டிருந்த நாம்பன் மாட்டைக் கொடுத்து அந்தக் காரை வாங்கினேன். மாட்டுக்கு மூன்று வயது, காருக்கு என்னைவிட வயது கூட. நாம்பன் தன் காலில் நடந்து போயிற்று. காரை இரண்டு எருமைக் கடாக்களைக் கட்டி இழுத்து வந்தோம். ஐயா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆறு மாதத்தில் அதை ஓட வைத்தேன். அந்த வகைக் காருக்குச் சாமான் வருவது நின்று வருசக்கணக்காகிவிட்டது. ஆகவே கையில் அகப்பட்டதெல்லாம் சாமான்தான். பெற்றோல் தாங்கியின் ஓட்டைக்குச் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினேன். விசிறிப் பட்டி அறுந்தபோது, நுகம் கட்டுகிற மாட்டுத்தோல் வாரை ஊறவைத்து முறுக்கித் தைத்துப் போட்டேன். வெயிலில் இறுகும், மழையில் தொய்யும், ஆனாலும் சுற்றும். புகைக் குழாய்க்குப் பால்மாத் தகரப் பேணியை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். இதை வாசிக்கிற மெக்கானிக் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அவருக்குக் கராஜ் இருந்தது, எனக்கு மாட்டுப்பட்டிதான் இருந்தது.

கார் தானாக ஸ்டார்ட் ஆகாது, சரிவில் உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் பிடித்துத் தள்ள வேண்டும். முரசுமோட்டையில் சரிவுக்கு எங்கே போவது? தட்டை நிலம், தண்ணீர்கூட யோசித்து யோசித்துத்தான் ஓடும். வளவின் மூலையில் மண் வெட்டிக் குவித்து ஒரு மேடு கட்டினேன். "வரம்பு கட்டச் சொன்னா ஏலாது, காருக்கு மேடை கட்டுறார் துரை" என்று ஐயா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்க வேண்டுமென்றுதான் சொன்னது.

நாலாவது ரயருக்குள் ரியூப் கிடையாது. வைக்கலை முறுக்கித் திணித்திருந்தேன். ரயரின் பக்கத்தில் ஒரு வெடிப்பு, அதனால் வைக்கல் நுனி வெளியே தெரியும். காரை எங்கே நிறுத்தினாலும் மாடு வந்துவிடும். ஒருமுறை கிளிநொச்சிச் சந்தையில் கடைக்குள் போய்த் திரும்புவதற்குள் ஒரு கட்டாக்காலி மாடு அரைச் சில்லைத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற வண்டிக்காரரிடம் வைக்கல் கேட்டு வாங்கி, சனம் கூடி நின்று பார்க்கக் காருக்குத் தீனி வைத்தேன். "தம்பி, தண்ணியும் காட்டிப்போட்டுக் கொண்டுபோம்" என்றார் வண்டிக்காரர். சனம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் பகிடி பண்ணுவேன், என்னைப் பகிடி பண்ணினால் தாங்கமாட்டேன். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கேடும் இதிலிருந்துதான் வந்தது.

ரேடியேற்றர் மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. எங்கெங்கோ கசியும். இரண்டு மைலுக்கு ஒருதரம் நிறுத்தி வாய்க்காலில் தண்ணீர் அள்ளி ஊற்றுவேன். அப்போதுதான் அம்மாவின் கூழ்ப் பானையைக் கவனித்தேன். அடியில் மயிர்போல ஒரு வெடிப்பு. தண்ணீர் வைத்தால் கசிகிற பானை, கூழ் காய்ச்சினால் கசிவதில்லை. கூழுக்குப் போடுகிற ஒடியல் மா, அதுதான் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த மா, சூட்டில் இளகி வெடிப்புக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கையைக் குவித்து ஒரு சிறங்கை மாவை அள்ளினேன். தண்ணீரில் கரைத்து ரேடியேற்றருக்குள் ஊற்றி எஞ்சினைச் சூடாக்கினேன். கசிவு நின்றது. பரந்தனுக்குப் போய் வந்தேன். ஒரு சொட்டு இல்லை. அன்று நான் நிலத்தில் நிற்கவில்லை. யாரைக் கண்டாலும் அதே கதைதான். ஒரு சிறங்கை மா இரண்டு மாதம் தாங்கியது.

அந்த ஆவணியில்தான் அத்தானுக்குக் கடிதம் வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பழைய குளத்தைத் திருத்தி, அதன் கீழே காணி கொடுக்கப் போகிறார்கள். அதற்கான காணிக் கச்சேரி முல்லைத்தீவில், காலை ஒன்பது மணிக்கு. காணிக் கச்சேரி என்றால் பெரிய துரை மேசையில் இருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும், பெண்சாதி பிள்ளைகளைக் காட்ட வேண்டும். கையை நீட்டச் சொல்லி, வயல் செய்கிற கமக்காரனின் கைதானா என்றும் பார்ப்பாராம். கூப்பிட்ட நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பெயர் போயிற்று. அக்கா கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, நாளுக்கு நாலு தரம் அது அங்கே இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தாள். கொட்டிலில் படுத்துக்கொண்டு பிள்ளைகள் எந்தப் பக்கம் வாழை வைப்பது என்று சண்டை பிடித்தார்கள்.

"ஏழு மணி பஸ்ஸில போவம்" என்றார் அத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் கார் நிற்க, அக்கா வயிற்றுப் பிள்ளையோடு பஸ்ஸில் இடிபடுவதா? "பஸ் ஒன்பதுக்குப் போய்ச் சேருமோ எண்டது ஆருக்குத் தெரியும்? நான் விடிய வெளிக்கிட்டு எட்டுக்கு முன்னமே இறக்கிவிடுறன்" என்றேன். அத்தான் காரையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். அக்கா சிரித்தாள். "தம்பி ஆசையாக் கேக்கிறான், போவமே" என்றாள். அக்கா சொன்ன பிறகு அத்தான் அதற்குமேல் பேசுகிறவரல்ல.

முதல் நாள் பின்னேரம் காரைக் கழுவினேன், வைக்கல் மாற்றினேன், தோல் வாரை இறுக்கினேன். முப்பது மைல். அதுவரை பத்து மைலுக்கு மேல் ஒரே மூச்சில் ஓடியதில்லை. வெளியே தைரியமாகத் திரிந்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தேன். ஒரு சிறங்கை மா பத்து மைலுக்குப் போதும் என்றால் முப்பது மைலுக்கு மூன்று சிறங்கை என்று கணக்குப் பார்த்தேன். இப்படி ஒரு கணக்கை உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கரைத்து ஊற்றி மூடியை இறுக்கினேன்.

விடியப்புறம் புறப்பட்டோம். அத்தான் முன்னால், மடியில் கடைசிப் பிள்ளை. அக்காவும் மற்ற மூன்றும் பின்னால். பிள்ளைகள் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற மாதிரி இருந்தார்கள். அத்தான் கச்சேரிக்கு வரச்சொன்ன கடிதத்தைத் துணிப்பையில் வைத்து அந்தப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். முதல் பதினைந்து மைலும் கார் நான் சொன்னபடி கேட்டது. விசுவமடு தாண்டிக் காடு தொடங்கியதும் நான் பாடக்கூடத் தொடங்கினேன்.

"மாமா, கூழ் மணக்குது" என்றாள் மூத்த மருமகள்.

நான் பாட்டை நிறுத்தினேன். மணந்தது. அதன் பிறகு ஆவி, அதன் பிறகு பானை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். காரை ஓரம் கட்டி, சாக்கை மூடியின்மேல் போட்டுத் திறந்தேன். திறந்த கையோடு குதித்து விலகாவிட்டால் முகம் அவிந்திருக்கும். கபில நிறத்தில் கூழ் பொங்கி எழும்பி, என் வெள்ளைச் சட்டையில் தெறித்து, காரின் மூக்கால் வடிந்தது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகவில்லை. உள்ளே முழுக்கக் கட்டிபட்டு இறுகிவிட்டது. தடியால் குத்தினேன், வாயால் ஊதினேன். அத்தான் பேணியை எடுத்துக்கொண்டு, காட்டுக்குள் இருந்த மோட்டையில் தண்ணீர் அள்ளி அள்ளிக் கொண்டுவந்தார். அவருடைய வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேறானது.

அப்போது அந்த ஏழு மணி பஸ் வந்தது. நாங்கள் மறிக்கவில்லை, அதுவாகவே நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன, வழியில நிண்டு கூழ் காய்ச்சுறியளோ? முல்லைத்தீவுக்கெண்டால் ஏறுங்கோ. இனிப் பின்னேரந்தான் பஸ்." உள்ளே இருந்த சனம் முழுக்கச் சிரித்தது.

அத்தான் இளையவனைத் தூக்கி மிதிபலகையில் விட்டுவிட்டார். எனக்குக் காது சூடானது. "பத்து நிமிசம் அத்தான்! ஆறினாச் சரி. பஸ்ஸுக்கு முன்னால கொண்டுபோய் விடுறன்!" என்று கத்தினேன். பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது என்பது எனக்குப் பாதி தெரியும். பாதி என்ன, முக்கால்வாசி தெரியும். எல்லோரும் ஏறிப் போய்விட்டால், கூழ் வடிகிற காரோடு அந்தக் காட்டு றோட்டில் நான் தனியே நிற்க வேண்டும், பஸ் நிறையச் சனம் அதைப் பார்த்துக்கொண்டு போகும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு காரணம் உண்டா என்று இத்தனை வருசமாகத் தேடிவிட்டேன், அகப்படவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அத்தானிடம், "அவன் சொல்லுறான்தானே. பிள்ளையை இறக்குங்கோ" என்றாள்.

பஸ் போய்விட்டது.

அதன் பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நான் என்ன செய்தேன் என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. காரைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஒன்றைக் கழற்றுவேன், மற்றதைப் பிடுங்குவேன், முதலில் கழற்றியதை எங்கே வைத்தேன் என்று தேடுவேன். வெயில் ஏறியது. பிள்ளைகள் பசிக்குது என்றார்கள். அக்கா பாலை மரத்தின் கீழே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் றோட்டின் நடுவில் போய் நின்று முல்லைத்தீவுப் பக்கம் பார்ப்பார், திரும்பி வந்து தண்ணீருக்குப் போவார்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு ஒரு லொறி எதிரே வந்தது. கழுத்தில் செபமாலை போட்ட சாரதி இறங்கி வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. "மேலால ஊத்தி என்ன பிரயோசனம்? கீழ்க் குழாயைக் கழட்டி, அதால தண்ணியை ஏத்து. வந்த வழியாலயே போகும்" என்றார். அவரும் கூட நின்று செய்தார். கூழ் கட்டி கட்டியாக வெளியே வந்தது. காகங்கள் இறங்கிக் கொத்தின. இந்த எளிய விசயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அப்போதே வெட்கமாக இருந்தது. அதன் பிறகு கார் ஓடியது, மைலுக்கு ஒருதரம் நின்று நின்று.

கச்சேரி நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். நாங்கள் போனபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. துரையின் ஜீப் போய்விட்டது. ஒரு பியோன் மேசை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். அத்தான் துணிப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

பியோன் அதை வாங்கவில்லை. "பத்தரைக்குப் பேர் கூப்பிட்டது. மூண்டு தரம் கூப்பிட்டது. ஆளில்லையெண்டு வெட்டிப்போட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டினம். காணி முழுக்கக் குடுத்து முடிஞ்சுது" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி, "இன்னொருக்காக் கச்சேரி வைச்சா எழுதிப் போடுங்கோ" என்றார். அந்தக் குளத்தின் கீழே இன்னொரு கச்சேரி வைக்கவில்லை.

அத்தான் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டார். எனக்கு அவர் ஒருதரம் ஓங்கி அறைந்தால் நல்லது போலிருந்தது. கிட்டப் போய் நின்றுகூடப் பார்த்தேன். "சாப்பிட்டிட்டுக் கெதியா வெளிக்கிடு தம்பி, இருட்ட முன்னம் காட்டைத் தாண்டு" என்றார். அவர்கள் பின்னேரப் பஸ்ஸில் போனார்கள். இந்தத் தரம் அக்கா என் பக்கம் திரும்பாமலே ஏறினாள்.

நான் வீட்டுக்கு வந்து காரை அதன் மேட்டில் ஏற்றாமல் வேலியோரம் விட்டேன். அதற்குப் பிறகு வந்த நாட்களில் என்னால் எங்கும் நிற்கவும் முடியவில்லை, எங்கும் போகவும் முடியவில்லை. கொட்டில் பக்கம் போவதில்லை. பிள்ளைகளின் சத்தம் கேட்டால் வயலுக்கு இறங்கிவிடுவேன். வேறு வழியில்லாமல் வேலை செய்தேன். வரம்பு செதுக்கினேன், தண்ணீர் திருப்பிவிட்டேன், கிளி கலைத்தேன். சிறுபோக நெல் அப்போது பால் பிடித்து, தலை சாயத் தொடங்கியிருந்தது. காலையில் வரம்பில் நடந்தால் முழங்காலில் பனி ஒட்டும். பத்து வருசத்துக்கு மேலாக அந்த வயலில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

ஒரு நாள் ஐயா வெள்ளை வேட்டி கட்டிக் குடையோடு கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்து, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பேரை மாத்திப் போட்டு வாறன். எனக்குப் பிறகு காணி உன்ர அக்காவுக்கு."

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நீதானே வேண்டாமெண்டு சொன்னனி. ஒருக்காச் சொன்னியோ ரெண்டுதரம் சொன்னியோ? அவளுக்கு ஐஞ்சு பிள்ளையளாகப் போகுது. உனக்குக் காலிருக்கு, எங்கயும் போவாய்."

சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாப்பாட்டை எழும்பாமல் முடித்தேன். நெஞ்சுக்குள் யாரோ வேரோடு பிடுங்கியது போலிருந்தது. ஐயா செய்தது சரி என்பதும் தெரிந்தது. சரி என்று தெரிந்ததால் வலி குறையவில்லை.

மறுநாள் காலை அக்கா வந்தாள். முல்லைத்தீவுக்குப் பிறகு அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியது அன்றுதான். நான் வாய்க்காலடியில் மண்வெட்டியோடு நின்றேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரம்பில் மெல்ல மெல்ல நடந்து வந்து எதிரே நின்றாள்.

"ஐயா சொன்னவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை தம்பி. அண்டைக்கு நடந்ததுக்காக உன்ர காணியைப் பறிக்க நான் நினைக்கேல்லை. உனக்கு மனமில்லையெண்டால் சொல்லு. நான் ஐயாவைத் திரும்பப் போய் மாத்தச் சொல்லுறன். நீ உண்மையாவே வேண்டாமெண்டுதான் சொன்னனியோ?"

அவளுக்குப் பின்னால் வயல் முழுக்க வெயில் விழுந்து கிடந்தது. வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் திரும்பிப் போய் ஐயாவோடு சண்டை பிடித்து மாற்றிவிடுவாள். அக்கா அப்படிப்பட்டவள்.

"ஓம்" என்றேன். "உண்மையா."

அதுவரை அந்தக் காணி வேண்டாம் என்று நான் நூறு தரம் சொன்னதெல்லாம் வாய்க்கு வந்த கதை. வேண்டும் என்று மனம் கிடந்து துடிக்க வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றுதான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில் ஏறுது, தேத்தண்ணி போட்டு வைக்கிறன், வா" என்று சொல்லிவிட்டுத் தன் வயலின் வரம்பில் திரும்பி நடந்தாள்.